இரண்டு சிவப்பு, இரண்டு பச்சை, ஒரு நீலம்

2024 ஜூன் 11, செவ்வாய்

குவாரி மேனேஜர் தர்மன் சார் வீட்டுக்கே வந்தார். "இனிமே அவரால லாரி ஓட்ட முடியாதும்மா. கேட்ல கொடி காட்டுற வேலை தரேன், பேசவே வேண்டாம். உள்ள ரெண்டு லாரி, வெளிய ரெண்டு லாரி, அப்புறம் தண்ணி வண்டி ஒண்ணு. வரிசை மட்டும் தப்பக்கூடாது. ஆடிக்குள்ள உங்க வூட்டுக்காரர் கத்துக்கிட்டா சொல்லுங்க."

இவர் "ஆமா" என்றார். பக்கவாதம் விட்டுவைத்தது அந்த ஒரு சொல்லைத்தான்.

ஜூன் 14, வெள்ளி

பெரம்பலூர் போய் வந்தோம். பேச்சுப் பயிற்சி தரும் வெற்றிச்செல்வி ஒரு டப்பாவில் கலர் பொத்தான்கள் கொடுத்தாள், வரிசையாக வைத்துப் பழகுவதற்கு. உள்ளே போகும் லாரிக்குச் சிவப்பு, வெளியே வரும் லாரிக்குப் பச்சை, தண்ணி வண்டிக்கு நீலம். "மூளையில பேச்சு அடிபட்டா, எதுக்கு அப்புறம் எதுங்கறதும் சில பேருக்குச் சிக்கிக்கும்க்கா. மெதுவாத்தான் வரும். திட்டாதீங்க."

திட்டாமல் யாருக்கு எது வந்திருக்கிறது? வாய்ப்பாடு ஏறாத பிள்ளைகளை அரியலூரில் என் டியூஷனுக்குத்தான் கொண்டுவந்து விடுகிறார்கள்.

ஜூன் 23

சிவப்பு. சிவப்பு. சிவப்பு. சிவப்பு.

ஜூலை 2

காலையில் பச்சை வரைக்கும் சரியாக வந்தது! முந்திரிப்பருப்பு ஊட்டிவிட்டேன். சாயங்காலம் எல்லாம் போச்சு. வேண்டுமென்றே செய்கிறாரோ? டீ ஆறினால் முகம் சுளிக்க மட்டும் தெரிகிறதே.

ஜூலை 9

"அடியாத மாடு படியாது, மேகலா" என்றாள் பக்கத்து வீட்டு செல்வம்மாள் அக்கா.

டியூஷன் ஸ்கேலை எடுத்தேன். தப்பாக வைத்தால் உள்ளங்கையில் ஒன்று, அதற்குப் பிறகுதான் சோறு. வலது கை மரத்துக் கிடப்பதால் இடது கையில். பிள்ளைகளுக்குப் போடுவதுபோல மெதுவாகத்தான்.

ஜூலை 21

மெதுவாக இல்லை.

"வலிக்குதா?"

"ஆமா."

"இன்னும் வேணுமா?"

"ஆமா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன ஜென்மம் நான் —

ஆகஸ்ட் 5

தர்மன் சார் வந்து, எதிரில் உட்கார்ந்து பொத்தான்களை வைக்கச் சொன்னார். சிவப்பு, நீலம், சிவப்பு. சார் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டார். "வேற ஆளப் போட்டுக்கறேம்மா. தப்பா நெனைக்காதீங்க."

அவர் போனதும் இவரிடம் நான் சொன்னதை எழுதக்கூடாது. எழுதுகிறேன். "அன்னைக்கே நீ போய்ச் சேந்திருக்கலாம்" என்றேன்.

"ஆமா" என்றார்.

ஆகஸ்ட் 8

டப்பாவைப் பரணில் போட்டாயிற்று. இனி யாருக்காகப் படிக்க வேண்டும்? மனசு கேட்கவில்லை. இவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்து, நேரத்தோடு தட்டை முன்னால் வைத்தேன்.

சாப்பிடவில்லை. இடது கையை என்னிடம் நீட்டினார். உள்ளங்கையை மேலே திருப்பி, கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"சாப்புடுங்க. இனிமே அடிக்க மாட்டேன்."

"ஆமா."

கை அப்படியே இருந்தது. குழம்பு ஆறிப்போனது. கெஞ்சினேன், ஊட்டிப் பார்த்தேன், வாயைத் திறக்கவில்லை. முதலில் அடி, அப்புறம் சோறு. இந்த வரிசை மட்டும் தப்பவே இல்லை.

கடைசியில் ஸ்கேலை எடுத்து வந்து லேசாக ஒன்று வைத்தேன். கண்ணைத் திறந்து, சாப்பிடத் தொடங்கினார்.