டேஷ்போர்டில் இரண்டு துளைகள்

அக்கா,

இன்று காலை எதிர்வீட்டு இரும்புக் கேட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள். தின்னர் வாசனை மூன்றாவது மாடிவரை ஏறி என் பால்கனிக்கு வந்துவிட்டது. கதவைச் சாத்தலாம் என்று எழுந்தேன். சாத்தாமல் அப்படியே நின்றுவிட்டேன். கையிலிருந்த காபி ஆறிப்போய் மேலே ஆடை படிந்த பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இவ்வளவு நாளும் உனக்கு ஒரு வரி எழுத எனக்குத் தைரியம் வரவில்லை.

நாம் முதலில் பேசிக்கொண்டதே சண்டையில்தான். கரூரிலிருந்து வந்து, அம்பத்தூரில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்த்து, பருத்திப்பட்டில் இந்த பிளாட்டை வாங்கிக் குடியேறி அப்போது இரண்டு வருடம். வாட்ச்மேனைத் தவிர யாருக்கும் என் பெயர் தெரியாது. கல்யாணம் வேண்டாம் என்று முடிவு செய்தவளுக்கு இந்த அமைதி பிடித்திருக்க வேண்டும், ஆனால் பிடிக்கவில்லை. இருந்தாலும் ஒரு ஞாயிறு மத்தியானம் பக்கத்து வீட்டு ஷெட்டிலிருந்து கிரைண்டிங் மெஷின் சத்தம் காதைப் பிளந்தபோது, சண்டை போடுவதற்கென்றே இறங்கி வந்தேன்.

ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே துருப்பிடித்த ஒரு இரண்டு கதவு கார். அதன் அடியிலிருந்து நைட்டிக்கு மேல் சட்டை போட்ட ஒரு பெண் நகர்ந்து வெளியே வந்தாள். சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று சொன்னேன். நீ என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கையில் ஒரு விளக்கைத் திணித்தாய்.

"இத்தப் புடி. வெளிச்சம் இருந்தா சீக்கிரம் முடியும். முடிஞ்சா சத்தமும் முடியும்."

அது முடிய நாலு வருடம் ஆனது.

உனக்கும் கார் வேலை தெரியாது என்பது எனக்கு இரண்டாவது வாரம்தான் தெரிந்தது. உனக்குத் தெரிந்தது மின்சார ரயில். கணவர் போனபின் அவர் வேலை உனக்கு வந்தது. அண்ணனூர் ரயில் ஷெட்டில் இருபது வருடமாக ரயில் பெட்டிகளுக்குக் கீழே குனிந்து பிரேக்கும் மோட்டாரும் பார்த்தாய். பிள்ளைகள் இல்லை. மாடியில் தம்பி குடும்பம், கீழே நீ. கரையான்சாவடியில் ஒரு பழைய பட்டறைக்குப் பின்னால், கொடி படர்ந்து கிடந்த இந்தக் காரைப் பார்த்துவிட்டு வந்து மூன்று நாள் தூங்கவில்லை என்று சொன்னாய். எதற்கு இந்த வயதில் இந்த வேலை என்று நான் கேட்டபோது நீ சொன்னதை இன்னும் அப்படியே வைத்திருக்கிறேன்.

"எத்தினி வண்டிய ரிப்பேர் பண்ணி அனுப்பிக்கிறேன். ஒண்ணக்கூட நான் ஓட்டினது இல்ல. இத நான் சரி பண்ணி நானே ஓட்டணும்."

அதற்காகவே லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தாய்.

நான் உன்னை 'நீங்க, வாங்க' என்றுதான் கூப்பிட்டேன். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. உனக்கு அது ஒத்துவரவில்லை. "இன்னாத்துக்கு மா நீங்க நாங்கன்னுகினு? என் தம்பியே வாடி போடின்றான்" என்று அலுத்துக்கொண்டாய். நான் 'நீ' என்று சொல்லிப் பழக ஒரு மாதம் ஆனது. சொல்லிப் பழகிய பிறகு இந்த ஊரில் எனக்கு ஓர் ஆள் இருந்தது.

நம் ஞாயிற்றுக்கிழமைகள் அப்படித்தான் போயின. இரும்பு உன்னுடையது, எழுத்து என்னுடையது. ஆபீஸில் பிழை தேடுகிற அதே பழக்கத்தோடு, வெளிநாட்டில் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படித்து, எந்த போல்ட் எங்கே போகும் என்று உனக்குச் சொல்வேன். நீ மல்லாந்து படுத்துக்கொண்டு, "படிச்சது போதும், பாத்துச் சொல்லு" என்பாய். தரைத்தகடு ஓட்டையாக இருந்தது. வெட்டி எடுத்துப் புதுத் தகடு பற்றவைத்தோம். மூன்றாவது வருடம் இன்ஜின் இருமி இருமி ஒருநாள் ஓடத் தொடங்கியபோது, உன் தம்பி மாடிப்படியில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அவனுக்கு அந்தக் காரே ஆகாது.

டேஷ்போர்டு மட்டும் என் கைவேலை. ஒரே தகட்டில் அடித்த நீளமான இரும்புப் பலகை அது. மேலே யாரோ அப்பியிருந்த மூன்று வண்ணங்களை வாட்டர் பேப்பரால் தேய்த்துத் தேய்த்து எடுத்தேன். அடியில் அசலான இளம்பச்சை தெரிந்தது. ஐந்து மாதம் தேய்த்தேன். என் வாழ்க்கையில் என் கையால் நான் செய்த பொருள் அது ஒன்றுதான். வருகிற ஞாயிறெல்லாம் முதலில் அதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். நீ அதைக் கவனித்திருக்கிறாய்.

அப்புறம் உன் வலது கால்.

செருப்பு கடித்த சின்னப் புண். சர்க்கரை உடம்பு என்று தெரிந்தும் நீ மருந்து தடவிவிட்டு வேலைக்குப் போனாய். புண் கறுத்து மேலே ஏறிவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நான் வந்து நின்றபோது, வண்டிக்குக் கவர் போட்டியா என்று கேட்டாய். ரயில் ஷெட்டில் உன்னை ஸ்டோர் ரிஜிஸ்டர் எழுத உட்கார வைத்தார்கள். செயற்கைக் கால் வந்தது. தடி ஊன்றி நடக்கப் பழகினாய். பெயின்ட் முடிந்து கார் பளபளவென்று நின்றது. நீ ஏறி உட்கார்ந்து பெடலை மிதித்துப் பார்த்தாய். கொஞ்ச நேரம் மிதித்துப் பார்த்துவிட்டு இறங்கினாய்.

"காலு பிரேக்கு மேல கீதா, ஆக்சிலேட்டர் மேல கீதான்னே தெரியல மா."

அடுத்த ஞாயிறு, நான் வருவதற்குள் ஷெட் தரையில் சாக்பீஸால் படம் வரைந்து வைத்திருந்தாய். ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் ஒரு கைப்பிடி. முன்னால் தள்ளினால் கம்பி வழியாக பிரேக் பிடிக்கும். அதன் தலையில் கட்டைவிரலால் அழுத்துகிற ஒரு சின்ன லிவர், அது ஆக்சிலேட்டருக்கு. கிளட்சுக்கு இடது கால் இருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. அந்தக் கைப்பிடியைத் தாங்கி நிற்க டேஷ்போர்டில் இரண்டு துளை போட வேண்டும் என்றாய்.

வேறு வழி பார்க்கலாம் என்று சொன்னேன். நீ வேறு வழியெல்லாம் பார்த்தாயிற்று என்றாய். துளை போட்டால் அசல் போய்விடும், இந்த மாதிரிப் பலகை இனி கிடைக்காது என்று சொன்னேன். நீ தடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாய்.

"அசலு அசலுன்றியே. நானே இப்ப அசலா கீறேன்?"

அதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடவில்லை.

"ஓட்டியே ஆகணும்னா வேற வண்டி ஒண்ணு வாங்கிக்குங்க. இதை விட்டுடுங்க."

நான்கு வருடம் கழித்து உன்னை மறுபடியும் 'வாங்கிக்குங்க' என்றேன். உன் முகத்தில் அது விழுந்த இடம் எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் படியேறி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு நான் வரவில்லை. முதல் வாரம் கோபம். இரண்டாவது வாரம் நீ போன் செய்வாய் என்று காத்திருந்தேன். மூன்றாவது வாரத்திலிருந்து வெட்கம், அதற்கு வீம்பு என்று பெயர் வைத்துக்கொண்டேன். ஞாயிறுகளில் பால்கனியில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உன் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஷெட்டிலிருந்து ஒரு சத்தமும் வராது. சத்தத்துக்குச் சண்டை போட வந்தவள், சத்தம் வராதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்படியே மூன்று மாதம்.

மழை வந்து என்னை இறக்கியது. கூரை ஒழுகும் இடத்தில் நீ கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் பிய்ந்து அடித்துக்கொண்டிருந்தது. ஒரு கையில் தடி, இன்னொரு கையில் கயிறு என்று நீ நனைந்துகொண்டிருந்ததை மேலிருந்து பார்த்தேன். செருப்புகூடப் போடாமல் ஓடி வந்து கயிற்றின் இன்னொரு முனையைப் பிடித்தேன். இரண்டு பேரும் கட்டி முடித்தோம். உள்ளே வந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நீ சொன்னது ஒரே வாக்கியம்.

"ட்ரில்லு மேல் தட்டுல கீது."

நான்தான் எடுத்தேன். நான்தான் போட்டேன். பச்சைத் தூளும் இரும்புத் தூளும் என் கைமேல் கொட்டின. முதல் துளை விழுந்தபோது எனக்கு அழுகை வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. நீ பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றாய்.

கைப்பிடியைப் பொருத்தி, மாற்றிய வண்டியை ஓட்ட ஆர்.டி.ஓ. அனுமதிக்கு எழுதிப் போட்டுவிட்டு, அது வரும்வரை ஏரிக்கரைப் பக்கம் வீடு எழும்பாத மனைப்பிரிவில் ஓட்டிப் பழகலாம் என்று முடிவு செய்தோம். தார் போட்ட காலிச் சாலைகள், நட்டு வைத்த எல்லைக் கற்கள், மேய வருகிற இரண்டு எருமைகள், வேறு யாரும் இல்லை. அந்த இடம்வரை நான் ஓட்டிப் போனேன். அங்கே இடம் மாறினோம். மூன்று முறை இன்ஜின் அணைந்துபோனது. நான்காவது முறை நகர்ந்தது. செகண்ட் கியர் விழுந்ததும் உன் தோள் இறங்கியது. நீ ஏதாவது சொல்வாய் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். நாலு சுற்று முடித்து நிறுத்திய பிறகுதான் வாயைத் திறந்தாய்.

"ட்ரெய்ன் மாரி இல்ல மா. நம்ம இஷ்டத்துக்குத் திரும்புது."

அன்றைக்கு நாம் சிரித்த சிரிப்பில் எருமைகள் தலை தூக்கிப் பார்த்தன.

பதினோரு ஞாயிறு ஓட்டினாய். பன்னிரண்டாவது வரவில்லை. ஒரு புதன்கிழமை மத்தியானம், ரிஜிஸ்டர் மேஜையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டாய் என்று உன் தம்பி எனக்கு இரண்டு தடவை போன் செய்திருக்கிறான். நான் மீட்டிங்கில் இருந்தேன். போன் சத்தமில்லாமல் பையில் கிடந்தது. நான் வந்து சேர்ந்தபோது உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தியிருந்தார்கள். உறவுக்காரப் பெண்கள் உன்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு எந்த இடத்தில் உட்காருவது என்று தெரியவில்லை. என்னை யார் என்று ஒருத்தி கேட்டாள். பக்கத்து பிளாட் என்று சொன்னேன்.

போன மாதம் உன் தம்பி முதல் முறையாக என் வீட்டுக் கதவைத் தட்டினான். ஷெட்டை இடித்து வீட்டை நீட்டிக் கட்டப் போகிறான். கார் எனக்குத்தான் என்று நீ சொல்லி வைத்திருந்தாயாம், கொண்டுபோய்விடச் சொன்னான். டீ போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு, ஏதோ நினைத்துக்கொண்டவன் போலச் சொன்னான். நான் வராமல் இருந்த அந்த நாட்களில், நீ சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்க்கச் சகிக்காமல் ஆவடியிலிருந்து ஒரு வெல்டரைக் கூட்டி வந்தானாம். ஒரே நாளில் கைப்பிடியை மாட்டித் தருகிறேன் என்று வந்தவனை நீ கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டாயாம்.

"அந்தப் பலகைய அவ அஞ்சு மாசம் தேச்சா, அவளே வந்து ஓட்டை போடட்டும்னு சொல்லிடுச்சு. வர்லன்னா இன்னா பண்ணுவன்னு கேட்டேன். வர்லன்னா வண்டி அப்டியே நிக்கட்டும்னுச்சு."

அவன் என்மேல் குற்றம் சொல்லவில்லை, அக்கா. அவனுக்கு அது உன் பிடிவாதத்தைப் பற்றிய ஒரு கதை, அவ்வளவுதான். டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டான். நான் காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு எண்ணினேன். நீ ஓட்டியது பதினோரு ஞாயிறு. நான் வராமல் உன்னைக் காக்க வைத்தது பன்னிரண்டு. ஒரு கைப்பிடியைப் பொருத்த உனக்கு நான் தேவையே இல்லை. ரயிலையே பிரித்துப் போட்டவள் நீ. ஆனாலும் உட்கார்ந்திருந்தாய். என்னைத் திருப்பிக் கூப்பிடவும் இல்லை, என்னை விட்டுவிட்டு முடிக்கவும் இல்லை. இதை உன்னிடம் கேட்க வழியில்லாமல் இத்தனை நாளாக அறைக்கு அறை நடந்துகொண்டிருக்கிறேன்.

கார் இப்போது எங்கள் பிளாட்டின் கீழே, என் பார்க்கிங்கில் நிற்கிறது. எடுத்து வரும்போது உன் தம்பிதான் பின்னால் நின்று கைகாட்டினான். எனக்குக் கால் நன்றாகத்தானே இருக்கிறது, அந்தக் கைப்பிடியைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டச் சொன்னான். சரி என்று சொல்லி வைத்தேன். கழற்றவில்லை. அனுமதிக் கடிதம் வந்துவிட்டது, உன் பெயருக்கு. அதை உறையோடு அலமாரியில் வைத்திருக்கிறேன்.

ஞாயிறு காலைகளில் மனைப்பிரிவுக்கு ஓட்டிப் போகிறேன். அங்கே போனதும் வலது காலைப் பெடலிலிருந்து எடுத்துப் பின்னால் இழுத்து வைத்துக்கொள்கிறேன். மீதியெல்லாம் கைதான். முதலில் இன்ஜின் அணைந்து அணைந்து போனது, இப்போது பழகிவிட்டது. பக்கத்து சீட் காலியாக இருக்கிறது. சில வாரம் பேசிக்கொண்டு ஓட்டுகிறேன், சில வாரம் பேசுவதில்லை. அந்தச் சின்ன லிவரின் ஸ்பிரிங் ரொம்ப இறுக்கம், அக்கா. நீ ஒருநாளும் சொன்னதில்லை. அழுத்தி அழுத்தி என் வலது கட்டைவிரல் ஓரத்தில் காய்ப்பு ஏறியிருக்கிறது. ஆபீஸில் டைப் செய்யும்போது ஸ்பேஸ் பாரில் அந்த இடம் மட்டும் எதையும் உணர்வதில்லை. அங்கே விரலை வைத்துக்கொண்டு, திரையில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.