இரண்டு பேர் மடிக்கும் விரிப்பு

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் தறுதலை மகன் வணக்கத்தோடு எழுதுவது. நான் முழு உருப்படியாக இருக்கிறேன். நீயும் தங்கச்சியும் நலமா?

சலவைக்கூடத்தில் என்னோடு பெரிய படுக்கை விரிப்புகளை மடிப்பாரே இஸ்திரி அண்ணன், அவரைப் பற்றித்தான் சேதி. ஆளுக்கு இரண்டு முனை பிடிப்போம். நான் வெடுக்கென்று இழுப்பேன், அவர் தடுமாறுவார். "இருடா குரங்கே, ஒருநாள் உனக்கு வெக்கிறேன் ஆப்பு!" என்பார். இங்கே என்னைத் திட்ட இருந்த ஒரே ஆள். அந்தத் திட்டுக்காகவே காலையில் எழுந்தேன்.

திங்கட்கிழமை சூப்பர்வைசர் வந்து, "நெஞ்சுவலிடா. அண்ணன் போயிட்டாரு" என்றார். அண்ணன் ஆப்பு வைத்துவிட்டார் என்று நான் சிரித்தேன். "போதும்ணே, வெளிய வாங்க!" என்று துணிக்குவியலுக்குப் பின்னால் போய்த் தேடினேன். யாரும் என்னைத் தடுக்கவில்லை. எல்லோரும் தலைகுனிந்துகொண்டார்கள்.

இப்போது எதிர்முனையைப் புதிதாக ஒருவர் பிடிக்கிறார். நல்லவர்தான். "உன் பேரு என்ன தம்பி?" என்று மூன்று முறை கேட்டுவிட்டார். செவிடன் மாதிரி நின்றேன். பேசினால் பிடித்துப்போகும். இன்னொரு தடவை என்னால் முடியாதம்மா.

போன வாரம் போனில் நீ நான்கு முறை இருமினாய். சும்மா சளி என்று சமாளிக்காதே, நாளைக்கே டாக்டரிடம் போ. அவர் சொன்னதைத் தங்கச்சியை எழுதச் சொல். உன் பேச்சை நம்பமாட்டேன்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது. உன்னை இவ்வளவு பிடிக்காமல் இருந்திருந்தால் நிம்மதியாக வேலைக்குப் போயிருப்பேன்.

உன் மகன்