நீ அடித்த ஜூலை முப்பத்தொன்று

கீழ்வீடு முழுவதும் அச்சு மையின் வாசனை. குடியிருந்தவர் இன்று காலையில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகும்போது, வரும் ஆண்டுக்கான மாதிரிக் காலண்டர் ஒன்றைக் கூடத்து ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். காலி வீட்டில் அது ஒன்றுதான் மிச்சம். அதன் முன்னே நின்றபோது உன்னிடம் சொல்லத் தோன்றியது: வக்கீலம்மா, உன் நோட்டீஸ் வேலை செய்துவிட்டது.

மாசியில் அம்மா விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு மாடிப்படி அவளுக்கு இல்லையென்று ஆனது உனக்குத் தெரியும். நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி இறக்க வேண்டும். அதற்கு வெட்கப்பட்டு ஞாயிறு ஆராதனைக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். எங்களுக்குக் கீழ்வீடு வேண்டும். அங்கே ஒன்பது வருடமாக, மாதிரிப் படங்கள் அடங்கிய ஆல்பத்தைக் காட்டிக் காலண்டர் ஆர்டர் பிடிப்பவர் குடும்பத்தோடு இருந்தார். போன வருடமே, அம்மாவுக்கு முட்டிவலி தொடங்கியபோது, வாய்வார்த்தையாகக் கேட்டேன். “ஆல்பத்துல இந்த அட்ரஸ்தான டீச்சர் போயிருக்கு, அடுத்த சீசன் பாப்போம்” என்றார். அதற்கு மேல் அவர் வார்த்தையை நம்ப எனக்குக் காரணம் இல்லை.

எனவே வைகாசியில் நானே ஒரு நோட்டீஸ் எழுதினேன். ஒப்பந்தத்தில் இரண்டு மாத அவகாசம் என்றிருந்தது. எண்ணிப் பார்த்து ஜூலை முப்பத்தொன்று என்று போட்டேன். காலி செய்யாவிட்டால் தண்ணீர் மோட்டார் நிறுத்தப்படும் என்று கடைசியில் ஒரு வரி. விருதுநகரில் உன் கட்டிலருகே உட்கார்ந்து அதைக் கொடுத்தேன். முந்தின நாள்தான் டயாலிசிஸ் முடிந்து வந்திருந்தாய். தலையணையில் சாய்ந்து, பென்சிலோடு படித்து, இருமும்வரை சிரித்தாய்.

“ஏட்டி, ஜூலை முப்பத்தொண்ணு தமிழுக்கு என்ன மாசம்?”

“ஆடி. அதுக்கென்ன?”

“ஆடியில எவ வீடு மாத்துவா? அதுவும் காலண்டர்காரரு! ஆடிப்பதினெட்டுக்கு ஆல்பம் போடுவாரா, அந்த நேரத்துல சட்டிபானையத் தூக்குவாரா?”

“எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது.”

“உன் நம்பிக்கைய யாரு கேட்டா? லாரியில சாமான் ஏத்துறது அவரு.”

ஜூலையை அடித்து ஆகஸ்ட் என்று எழுதினாய். மோட்டார் வரியின் மேல் இரண்டு கோடு. “மோட்டாரத் தொட்டேன்னா, அவரு போடுற கேஸுக்கு நானே வக்கீல்.” ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவு, எந்தத் தேதி, எதற்காக வீடு வேண்டும் என்பது மட்டும் போதும் என்றாய். “தபால்லயும் அனுப்பு, கையிலயும் குடுத்துக் கையெழுத்து வாங்கு. ஆனா ஆல்பம் அச்சுக்குப் போகுமுன்ன குடு. பழைய அட்ரஸ் அச்சாயிட்டா இன்னொரு வருசம் நகர மாட்டாரு.”

கொடுத்தேன். அவர் மனைவிக்குக் கோபம். “தபால் வேறயா டீச்சர்? நாங்க என்ன ராத்திரியோட ராத்திரியா ஓடியா போயிருவோம்?” அவர் மட்டும் தேதியை இரண்டாம் முறை பார்த்தார். “ஏலா, ஆவணி வரைக்கும் குடுத்திருக்காக” என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கையெழுத்துப் போடுகிறவர்கள் எல்லாரும் காலி செய்துவிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டுதான் படியேறினேன்.

ஆனி கடைசியில் நீ போய்விட்டாய். உன் வீட்டு வாசலில் வரிசையாகப் போட்டிருந்த நாற்காலிகளில் கடைசியில் உட்கார்ந்திருந்தேன்.

ஆடிப்பதினெட்டன்று அவர் லட்டுப் பொட்டலமும் புது ஆல்பமுமாக மாடிக்கு வந்தார். அட்டையின் கீழ் வரியில் விரலை வைத்தார். விஸ்வநத்தம் போகும் சாலையில் ஒரு முகவரி. “பாத்தீகளா டீச்சர்? இனி நீங்களே இருங்கன்னாலும் இருக்க முடியாது. அச்சாயிருச்சு.” அந்த நிமிடம்தான் நம்பினேன். அவர் இறங்கிப் போன பின் மேல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். எத்தனை மாதமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

போன வாரம் புது வீட்டில் பால் காய்ச்சக் கூப்பிட்டார்கள். போனேன். தபாலுக்குக் கோபித்த அதே அம்மாள், “இது பெரியம்மாவுக்கு” என்று ஒரு தூக்குவாளியில் பால் ஊற்றித் தந்தாள். இன்று முன்பணத்தை அவர் கையில் திருப்பிக் கொடுத்து, சாவியை வாங்கி, ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். நீ சொன்ன வரிசைப்படியே.

சுத்தமாகத் தட்டச்சு செய்து அனுப்பிய நோட்டீஸின் நகல் கோப்பில் இருக்கிறது. உன் பென்சில் பட்ட தாள் என் கைப்பையில் இருக்கிறது.

மாடிக்கு வந்ததும், ஞாயிற்றுக்கிழமை கட்டிலை இறக்கிவிடலாம் என்று அம்மாவிடம் சொல்ல வாயெடுத்தேன். நிறுத்திக்கொண்டு, “என்னைக்கு எறங்குதீங்கம்மா?” என்று கேட்டேன்.

அம்மா அதற்குள் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

“இப்பவே.”