தனித்தனியாகப் போடாத மதிப்பெண்கள்

என் செல்லத் தங்கை கோமதிக்கு,

நீ போய் ஐந்து மாதமாகிறது. ஸ்ரீரங்கத்து வீட்டில் உன் அறையை இன்னும் ஒழிக்கவில்லை. வையம்பட்டி, மருங்காபுரிப் பிள்ளைகள் உனக்கு எழுதித் தந்த தாள்களைப் பள்ளிவாரியாக அடுக்கிவிட்டேன். அது ஒன்றுதான் நான் ஒழுங்காகச் செய்தது.

உடைந்த குடையை வைத்து என்னென்ன செய்யலாம் என்று அவர்களைக் கேட்டிருந்தாய். அந்த யோசனை எப்படி வந்தது, யாரையாவது பார்த்து மாற்றினார்களா என்றும் பக்கத்தில் எழுதச் சொன்னாய். தன் யோசனையைத் தானே கவனிக்கிற பிள்ளை, மற்றவர்களுக்குப் பயந்து அதை அழிக்காது என்பது உன் நம்பிக்கை. அதைச் சொல்லும் உன் புத்தகத்துக்கு, யோசனை எவ்வளவு புதிது என்று தாள்களுக்குப் போடும் மதிப்பெண் மட்டும்தான் பாக்கி.

தில்லை நகர் ஆஸ்பத்திரியில் என்ன சொன்னாய்? "அண்ணா, நீயும் எங்க காலேஜ்காரங்க ரெண்டு பேரும் தனித்தனியா ஒக்காந்து மார்க் போடுங்க. பேசிக்கவே கூடாது. உனக்குத்தான் சொல்றேன், நீ அடுத்தவங்க மூஞ்சியப் பாத்து மாத்திடுவ."

உன்னோடு வேலை பார்த்த மாலதியும் செல்வராஜும் வந்த அன்று கடும் வெயில். கூடத்தில் மட்டும்தான் மின்விசிறி ஓடியது. வந்தவர்களைப் புழுக்கத்தில் உட்காரச் சொல்வதா? ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டோம்.

வையம்பட்டிச் சிறுமி ஒருத்தி, குடைக்கம்பியை நட்டு அதன் நிழலில் மணி பார்க்கலாம் என்று எழுதியிருந்தாள். நான் பென்சிலால் பத்துக்கு ஒன்பது போட்டேன்.

"மணி பாக்கத்தான் போன் இருக்கே சார்! மூணு போதும்" என்றார் செல்வராஜ்.

"ஒன்பதா? சார் கல்யாண வீட்டுல பரிமாறுற மாதிரி போடுறாரு" என்று மாலதி சிரித்தார்.

நானும் சிரித்தேன். அழித்துவிட்டு நான்கு போட்டேன். அந்தச் சிறுமி தாளின் பக்கத்தில் எழுதியிருந்ததை அப்புறம்தான் படித்தேன்: 'பக்கத்துப் பிள்ளை சிரித்தாள். ஆனால் எனக்குச் சரியாகத்தான் படுகிறது.'

இன்னும் எத்தனை தாளில் அப்படி அழித்தேன்? வாழ்நாளெல்லாம் நூலகத்தில் பட்டியல் எழுதியவன், இதை மட்டும் குறித்து வைக்கவில்லை.

"மூணு பேர் மார்க்கும் கிட்டத்தட்ட ஒத்துப்போகுது சார். மேடம் இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாங்க. அச்சுக்குக் குடுத்துடலாமா?" என்று நேற்று செல்வராஜ் போனில் கேட்டார். "சரிங்க" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன், கோமதி?

இந்தத் தாள்களைப் பார்த்திராத வேறு மூவர் வேண்டும். எங்கே தேடுவது, யாரைக் கேட்பது, ஒன்றும் புரியவில்லை. மாலதியிடமும் செல்வராஜிடமும் நேரில் சொன்னால், "அதெல்லாம் ஒண்ணுமில்ல சார்" என்பார்கள், நான் தலையாட்டிவிடுவேன். அதனால்தான் உனக்கு எழுதுவதை ஆசிரியர்கள் படிக்கும் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அந்த மதிப்பெண்கள் செல்லாது. அவற்றை அச்சேற விடமாட்டேன். இனி நானே வந்து மாற்றிச் சொன்னாலும் ஒருவரும் நம்ப வேண்டாம்.

உன் ஒரே அண்ணன்,
ரங்கநாதன்