மெயினை அணைத்த சனிக்கிழமைகள்

ஜூலை 6

லைன்மேன் அவர்களுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும். கோபத்தில் இருந்தாலும் இதை எழுதாமல் ஆரம்பிக்கக் கை வரவில்லை.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடம் சண்டை, நான்காவது நிமிடம் உங்கள் மலையில் சிக்னல் போய்விடுகிறது. நீங்கள் வைத்தீர்களா, தானாக அறுந்ததா என்று தெரியாமல் மிச்ச நாள் முழுக்க நான் பொருமிக்கொண்டிருக்கிறேன். அதனால் இனி கடிதம்தான்.

பட்டாணி போட்டுக்கொடுத்துவிட்டாளாமே. "அம்மா கட்டிலுக்கடியில தண்ணி கேனா அடுக்குறா, எனக்கு ஒளிய இடமே இல்லப்பா" என்று. ஏழு வயசு வாய்க்குப் பூட்டுப் போட முடியுமா? உண்மைதான். வாரம் ஒரு பொருள் என்று வைத்திருக்கிறேன். முதல் வாரம் தண்ணீர் கேன். அப்புறம் டார்ச்சும் பேட்டரியும். அப்புறம் மூடி போட்ட பாட்டிலில் தீப்பெட்டிகள். அப்புறம் அவளுக்குக் கரண்ட் இல்லாமலே மூச்சுக்குள் இழுக்கிற மருந்து; டாக்டரிடம் எழுதி வாங்கினேன். போன வாரம் ஒரு விறகு அடுப்பு. வாளி உயரம்தான் இருக்கும், பிடி வைத்தது, ஒரு கையால் தூக்கிவிடலாம். பக்கத்தில் குச்சி நுழைக்க ஒரு வாய், அவ்வளவுதான்.

எதற்கு என்று கேட்காதீர்கள். போன நவம்பர் புயலில் ஒன்பது நாள் இருட்டில் கிடந்தது நானும் அவளும். ஐந்தாம் மாடி. மோட்டார் ஓடாது, தண்ணீர் ஏறாது, லிஃப்ட் இல்லை. சமையல்? "லைன்மேன் வீட்டுல எதுக்கு கேஸ்? கரண்ட் அடுப்பே போதும், நான் இருக்கேன்ல" என்று மார்தட்டியது யார்? ஒன்பது நாளும் ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுத்தீர்கள். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்து நாங்கள் தின்றோம்.

நவம்பரோடு மலையில் லைன் இழுக்கிற முகாம் முடிகிறது, சொந்த ஊருக்கு மாற்றல் கேட்டு மனுப் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்குப் போடாதீர்கள். எனக்கு இன்னும் மனசு ஒரு நிலைக்கு வரவில்லை.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா

ஜூலை 19

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

'லைன்மேன் அவர்களுக்கு' என்று பார்த்ததும் ஏதோ நுகர்வோர் புகார் என்று நினைத்துவிட்டேன். படித்து முடித்த பிறகு அது புகார்தான் என்று தெரிந்தது.

ஃபோர்மேன் எட்டிப் பார்த்து விறகு அடுப்பு வரியை மட்டும் பிடித்துக்கொண்டார். "யோவ், உன் சம்சாரமே உன்ன நம்பலயா?" என்று டென்ட் முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்து வைத்தேன். பிறகு மின்கோபுரத்தில் ஏறி உச்சியில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். எனக்கு எங்கே வலித்தது என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். வேலைக்குச் சேர்ந்த வருஷம், ஒரு மழையில், எங்கள் தெருவுக்கு முதலில் லைன் கொடுத்துவிட்டேன். வேண்டுமென்று இல்லை, வரிசை அப்படி அமைந்தது. மறுநாள் அடுத்த தெருவில் ஏணியைச் சாய்த்ததும் ஒரு பெரியவர் வந்து, "உங்க வீட்டுல ஃபேன் சுத்துதாப்பா?" என்று கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். நான் ஏணியில் பாதியில் நின்றேன். அன்றிலிருந்து என் தெரு கடைசி. புயலானாலும் சரி, பியூஸ் போனாலும் சரி. அதில் என்ன தப்பு?

தப்பு இருக்கிறது என்று நீ சொல்கிறாய். "நீங்க இருந்தும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான்" என்று பத்தாம் நாள் நீ சொன்னாய். இல்லாமல் இருந்து பார்ப்போமே என்றுதான் மலைக்கு வந்தேன். எட்டு மாதம் ஆகிறது. ஒன்று இல்லை. எனக்கு இரண்டும் ஒன்று இல்லை.

பட்டாணிக்கு ஒளிய இடம் விட்டு அடுக்கு.

உன் வீட்டுக்காரன் (இன்னமும்)

ஆகஸ்ட் 11

பட்டாணி அப்பாவுக்கு,

உங்கள் பெரியவர் கதையைப் பன்னிரண்டு வருஷமாக எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் குறைவாகக் கத்தியிருப்பேன். கொஞ்சம்தான்.

அடுப்பு என்னைப் படாத பாடு படுத்துகிறது. முதல் நாள் மொட்டை மாடியில் வைத்துப் பற்றவைத்தேன். ஈர விறகு. கிளம்பிய புகையில் கீழ் வீட்டில் இருக்கும் குடியிருப்போர் சங்கச் செயலாளர் அம்மா, "தீ! தீ!" என்று மணல் வாளியோடு ஐந்து மாடி ஏறிவிட்டார். வந்து பார்த்தால் நானும் பட்டாணியும் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஒரு முட்டையை வேகவைத்துக்கொண்டிருக்கிறோம். "உங்க வீட்டுக்காரர் கரண்ட் ஆபீஸ்தானே?" என்றார். உங்கள் ஃபோர்மேன் சிரித்ததைவிட அது பெரிதாக வலித்தது, போதுமா?

இரண்டாவது வாரம் குச்சியை அதிகம் திணித்தேன், அணைந்தது. மூன்றாவது வாரம் பாத்திரத்தின் அடியில் கரி ஏறி, தேய்த்துத் தேய்த்துக் கையே போனது. வைப்பதற்கு முன்பே வெளிப்பக்கம் சோப்புத் தடவ வேண்டுமாம். மூக்குக்கண்ணாடிக் கடையில் என்னோடு லென்ஸ் தேய்க்கிறவள் சொன்னாள். இப்போது தண்ணீர் ஊற்றினாலே கரி வழிந்துவிடுகிறது.

இன்னொன்று. சொன்னால் உங்களுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் நானே மெயினை அணைத்துவிடுகிறேன். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போடுவேன். அதுவரை ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, லிஃப்ட் இருந்தாலும் படிதான். என்ன மறந்தோம், எது போதவில்லை என்று அன்றைக்குத்தான் தெரிகிறது. பட்டாணி இதற்கு 'புயல் விளையாட்டு' என்று பெயர் வைத்திருக்கிறாள். அவளுக்கு விளையாட்டு. நான் மெயினை இறக்குவதற்கு முன் இரண்டு தடவையாவது கையைப் பின்னால் எடுத்துவிடுகிறேன். ஏன் என்று தெரியவில்லை, ஒவ்வொரு வாரமும் இப்படித்தான்.

இப்படிக்கு,
பட்டாணியின் அம்மா

செப்டம்பர் 2

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

லைன்மேன் பெண்டாட்டி வாராவாரம் தன் கையாலேயே கரண்டை நிறுத்துகிறாள். இதை வெளியே சொன்னால் என் லைசென்ஸையே பிடுங்கிவிடுவார்கள். இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள், நானும் இங்கே சும்மா இருக்கவில்லை என்று உறைத்தது. வேலை முடிந்தாலும் உட்கார முடியவில்லை. கயிற்றைச் சுற்றுகிறேன், பிரிக்கிறேன், திரும்பச் சுற்றுகிறேன். "உனக்கு காலுல சக்கரமா?" என்கிறார் ஃபோர்மேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் முகாம் லாரி டிரைவரிடம் மூன்று கட்டு விறகு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கம்பத்தில் மாட்டும் பீங்கான்கள் வரும் பெட்டியின் பலகை. மருந்து அடிக்காத பலகையாகப் பார்த்துப் பொறுக்கி, கட்டைவிரல் பருமனுக்குப் பிளந்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்தது, புகையாது. இரண்டு மூன்று குச்சிகளுக்கு மேல் நுழைக்காதே, நுனி எரிய எரியத் தள்ளு. கதவடைத்த அறைக்குள் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் பற்றவைக்காதே. புகை இல்லாவிட்டாலும் ஆளைக் கொல்லும்.

பிளக்கும்போது விரலில் ஒரு மரச் சிலாம்பு ஏறிவிட்டது. பெரிதாக ஒன்றுமில்லை. எழுதினால் நீ திட்டுவாய் என்றுதான் எழுதுகிறேன்.

மனுவுக்கு நவம்பர் கடைசி நாள்தான் கெடு. அதை விட்டால் இன்னும் மூன்று வருஷம் மலைதான். ஒரு வரி எழுது.

உன் வீட்டுக்காரன்

அக்டோபர் 9

பட்டாணி அப்பாவுக்கு,

விறகு வந்தது. சிலாம்பை ஊசியால் எடுத்தீர்களா, அப்படியே விட்டீர்களா? விட்டிருப்பீர்கள். உங்களைத் திருத்த முடியாது.

உங்கள் பலகையில் எட்டே நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. அரிசியும் பருப்பும் ஒரே பாத்திரத்தில் போட்டு, கொதித்ததும் இறக்கிப் பழைய போர்வையில் சுற்றி வைத்துவிட்டால் தானாக வெந்துவிடுகிறது. செயலாளர் அம்மா வந்து ஒரு கரண்டி தின்று பார்த்துவிட்டு, "இந்த அடுப்பு எங்க கிடைக்கும்?" என்று என் காதில் கேட்டார். எல்லாம் சேர்ந்தாயிற்று. பட்டியலில் ஒன்றும் மிச்சமில்லை.

ஆனாலும் என்னால் உட்கார முடியவில்லை. தீப்பெட்டியை எண்ணியது போதாமல் திரும்ப எண்ணுகிறேன். கடையில் லென்ஸை மெஷினில் வைத்துவிட்டு, கேன் மூடியை இறுக்கினேனா என்று யோசித்து இரண்டு லென்ஸை வீணாக்கிவிட்டேன். "அம்மா, எல்லாந்தான் வாங்கியாச்சே, இன்னும் எதுக்குப் பயப்படுற?" என்று பட்டாணி கேட்டாள். அவளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்கிறேன்.

அந்த ஒன்பது நாளில் நான்காம் நாள். பட்டாணிக்கு இழுப்பு வந்துவிட்டது. மருந்துப் புகை கொடுக்கிற மெஷின் பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கிறது, கரண்ட் இல்லை. அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஐந்து மாடி இறங்கி, முழங்கால் தண்ணீரில் ஜெனரேட்டர் இருந்த கிளினிக்குக்கு நடந்தேன். தெருமுனை டிரான்ஸ்பார்மர் அடித் திண்டில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஆட்களோடு டீ குடித்துக்கொண்டு. நம் வாசலிலிருந்து இருநூறு அடி இருக்குமா?

நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் ஓடி வந்திருப்பீர்கள், தெரியும். கூப்பிடாமலே ஒரு தடவை தலையைத் தூக்கிப் பார்ப்பீர்கள் என்று நின்றேன். பார்க்கவில்லை. நடந்துவிட்டேன். வீம்புதான். பிள்ளைக்கு மூச்சுத் திணறும்போது என்ன வீம்பு என்று என்னை நானே ஒரு வருஷமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன். மனுவைப் பற்றி எழுத இன்றைக்கு என்னால் முடியாது.

அம்மா

அக்டோபர் 28

உனக்கு,

எனக்குத் தெரியாது. அவளுக்கு இழுப்பு வந்ததே எனக்குத் தெரியாது. பத்தாம் நாள் வந்தபோது அவள் தூங்கிக்கொண்டிருந்தாள், நீயும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. கடிதத்தை நாலு தடவை படித்தேன். அன்றைக்குக் குடித்த டீ இப்போது நெஞ்சில் நிற்கிறது.

மனுவை நிரப்பி வைத்திருக்கிறேன், 'விரும்பும் ஊர்' என்ற கட்டத்தை மட்டும் விட்டுவிட்டேன். அதை நிரப்ப எனக்கு யோக்கியதை இல்லை.

ஒன்று மட்டும் சத்தியம். இன்னொரு புயல் வந்தால் முதல் வெளிச்சம் நம் தெருவுக்குத்தான். எவன் என்ன கேட்டாலும் கேட்கட்டும்.

உன் வீட்டுக்காரன்

நவம்பர் 14, பகல் ஒரு மணி

பட்டாணி அப்பாவுக்கு,

லாரி டிரைவர் கீழே நிற்கிறார், அவசரமாக எழுதுகிறேன். புயல் அடித்த மறுநாளே உங்கள் ஆட்களை மலையிலிருந்து இங்கே இறக்கிவிட்டார்கள் என்று அவர்தான் சொன்னார். சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது. இந்தப் பகுதியிலேயே நம் தெருவில் மட்டும் பதினோரு மணிக்குக் கரண்ட் வந்தது. எல்லாரும் பால்கனியில் நின்று கை தட்டினார்கள். செயலாளர் அம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "உன் புருஷன் புருஷன்டி!" என்றார்.

எதிர்த் தெரு முதியோர் இல்லத்தில் நாற்பது பேர் இருட்டில் இருக்கிறார்கள். ஆக்சிஜன் மெஷினில் இருக்கும் ஒரு அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனதை ஜன்னலில் பார்த்தேன். நேராகப் போய் மெயினை அணைத்துவிட்டேன். இன்று சனிக்கிழமை இல்லை. கையைப் பின்னால் எடுக்கவும் இல்லை.

யார் கேட்டது உங்களிடம் கரண்டை? இத்தனை மாதமாகத் தண்ணீரும் விறகும் மருந்தும் சேர்த்து வைத்தது எதற்கு? கரண்ட் இல்லாமல் என்னால் முடியும். இப்போது முடியும். நான் கேட்டது ஐந்து மாடி. டீ குடிக்கிற நேரத்தில் ஏறி வந்து, "இருக்கீங்களா?" என்று ஒரு வார்த்தை. அது எந்தத் தெருவின் பங்கையும் பிடுங்காதே!

அந்தப் பெரியவரிடம் அன்றைக்குக் கூசிய மனுஷனைத்தான் எனக்குத் தெரியும். இன்றைக்கு வந்தது யார் என்று தெரியவில்லை.

நவம்பர் 14 (வேலை அனுமதிச் சீட்டின் பின்பக்கம், பென்சிலில்)

டிரான்ஸ்பார்மரில் அடி. இப்போதைக்கு ஒரு தெருவைத்தான் தாங்கும். நம் தெருவின் கரண்டை இறக்கிவிட்டு முதியோர் இல்லத்துக்குக் கொடுத்துவிட்டேன். உங்கள் பால்கனிகள் எல்லாம் என்னைத் திட்டுவது இங்கே வரை கேட்கிறது.

நாலேகாலுக்குப் பதினைந்து நிமிடம் இடைவேளை. வெறுங்கையோடு வரலாமா? பதில் வேண்டாம். வருகிறேன்.

நவம்பர் 15

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று பேச நினைத்ததில் பாதிகூடப் பேசவில்லை. அதனால் இதுவும் கடிதம்தான்.

நாலு இருபதுக்கு வந்தீர்கள், கதவைத் தட்டாமல் "இருக்கீங்களா?" என்று கூப்பிட்டீர்கள். பட்டாணிதான், "இல்லாம எங்க போவோம்?" என்று திறந்தாள்.

மொட்டை மாடித் தொட்டிக்குக் கீழே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. வந்ததும் வராததுமாக நாலு குச்சியைச் சேர்த்துத் திணித்து அணைத்துவிட்டீர்கள். எனக்குப் பாடம் எழுதி அனுப்பிய ஆள்! "அப்பா, தள்ளுங்க, ரெண்டுதான் வைக்கணும்" என்று அவள் உங்களை ஓரம் கட்டியபோது உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உங்கள்மேல் எனக்குச் சிரிப்பு வந்து ஒரு வருஷம் ஆகிறது.

சாப்பிட்ட கையோடு தண்ணீர் கேனில் சாய்ந்து தூங்கிப்போனீர்கள். எழுப்ப மனசு வரவில்லை. நான் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். எதையும் எண்ணவில்லை, எந்த மூடியையும் இறுக்கவில்லை. கீழேயிருந்து உங்கள் ஆட்கள் விசில் அடித்த பிறகுதான் உங்களைத் தொட்டேன். கையில் அந்தச் சிலாம்பு இன்னும் அப்படியே இருக்கிறது.

நம் தெரு கடைசியாகவே இருக்கட்டும். யாராவது திட்டினால் மாடிக்கு வரச் சொல்லுங்கள், அடுப்பு இருக்கிறது. இன்று காலையில் மூன்று வீட்டுக்கு இங்கேதான் சமையல். ஆனால் எந்தத் தெருவில் எந்தக் கம்பத்தில் இருந்தாலும் ஒரு வேளை ஏறி வந்துவிட்டுப் போங்கள். ஊசி எடுத்து வைத்திருக்கிறேன்.

உங்கள் சட்டைப்பையிலிருந்து விழுந்த மனுவை இதோடு டிரைவரிடம் கொடுத்து அனுப்புகிறேன். விட்டிருந்த கட்டத்தில் நம் ஊர்ப் பெயரை நானே எழுதிவிட்டேன், எழுத்து கொஞ்சம் கோணல். கையெழுத்துப் போடவே மறந்திருக்கிறீர்கள். போட்டு இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரி