மலைப் பள்ளியில் கதிரேசனுக்கு இடம் கிடைத்த விவரம்

முருகன் துணை

வண்டிப்பெரியார்
20-2-1977

அன்பு மகள் மரகதத்துக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே உன் அம்மாவும் நானும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், குவைத்தில் நீயும் மாப்பிள்ளை சந்தனமும் பேரன் கதிரேசனும் சுகமாக இருக்கிறீர்கள் என்ற செய்தியைத்தான் ஒவ்வொரு தபாலிலும் எதிர்பார்க்கிறோம். பனி இன்னும் விடவில்லை, தேயிலைக் கொழுந்து குறைவு, பாக்டரி பாதி நாள்தான் ஓடுகிறது. ஆபீசில் எனக்குப் பின்னால் வந்த கோட்டயத்துப் பையனை அசிஸ்டெண்ட் மேனேஜர் ஆக்கிவிட்டார்கள், அவன் எழுதும் இங்கிலீஷ் கடிதங்கள் நான் திருத்திய பிறகுதான் துரைக்குப் போகின்றன. மதுரையில் பி.ஏ. வாங்கிக்கொண்டு மலையேறி வந்தவன் ஹெட் கிளார்க்காகவே இறங்கப் போகிறேன். இது உனக்குத் தெரிந்த கதைதான், விடு.

நீ கேட்ட காரியத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளையின் வேலை ஊர் ஊராக மாறுகிறது, பிள்ளையை நம் மலையிலேயே விட்டுப் படிக்க வைக்கலாம், அந்தப் புதிய பள்ளியில் வெளிநாட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்களாம், இரண்டு மொழியில் பாடமாம், நீங்கள் போய்ப் பார்த்துச் சொன்னால் எனக்குப் போதும் என்று எழுதியிருந்தாய். ஞாயிறுதோறும் பிள்ளை நம் வீட்டுக்கு வந்து அம்மாச்சி கையால் சாப்பிட்டுத் தமிழ் பேசிவிட்டுப் போவான் என்றும் எழுதியிருந்தாய். அந்த வரியை உன் அம்மா என்னைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். போன வாரம் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்த்தேன்.

பள்ளியைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல நூலகம் இருக்கிறது, பிள்ளைகளை அடிப்பதில்லை, கண்ணாடி ஜன்னல் வைத்த வகுப்புகள், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கட்டில். மத்தியானம் வரை எல்லாப் பாடமும் இங்கிலீஷில், அதற்குப் பிறகு மலையாளத்தில், வெளிநாட்டுப் பிள்ளைகள் மட்டும் மலையாளத்துக்குப் பதில் பிரெஞ்சு எடுத்துக்கொள்ளலாம். தமிழ் உண்டா என்று கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாள் சிரித்துக்கொண்டே, தோட்டக்காரர்கள் பேசுவது அதுதானே, தன்னால் காதில் விழுந்துவிடும் என்றார். பிள்ளை தமிழில் ஏதாவது கேட்டால் தண்டனை உண்டா என்று கேட்டேன். சேச்சே, நாங்கள் யாரையும் தண்டிப்பதில்லை, அந்த இரண்டு மொழியில் ஒன்றில் கேட்கும்வரை பதில் சொல்ல மாட்டோம், அவ்வளவுதான் என்றார். ஆறு வயதுப் பிள்ளை தண்ணீர் வேண்டும் என்று கேட்டு, பதில் வராமல் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். ஆனால் வேறு எங்கே சேர்க்கச் சொல்வேன்? நம் எஸ்டேட் தமிழ்ப் பள்ளியில் நாலாம் வகுப்போடு சரி, வாத்தியார் வாரத்தில் பாதி நாள் கீழே கம்பம் ஊரில் இருக்கிறார், மழை பெய்தால் பிள்ளைகள் ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கிறார்கள். ஐந்தாவதுக்கு மலையாளப் பள்ளி, அங்கே பாண்டிக்காரன் என்பார்கள். மலையிறங்கிக் கம்பத்தில் சேர்த்தால் அங்கே மலையாளத்தான் என்பார்கள். இரண்டையும் நீயே கேட்டு அழுதவள்.

இனி எழுதப்போவதை மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டாதே. அந்தப் பள்ளியின் ஆபீஸ் முன்பு ஒரு துரையின் பங்களாவாக இருந்தது. அதே மெழுகு போட்ட சிவப்புப் படி, அதே புகைபோக்கி, வாசலில் நாய். துரை பங்களாவுக்குப் போனால் எஸ்டேட் ஆபீஸ் ஆட்கள் செருப்பைப் படிக்குக் கீழே விட்டுவிட்டு, பக்கத்து வராந்தா வழியாகப் போய், உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நிற்க வேண்டும் என்பது இங்கே வழக்கம், உனக்குத் தெரியும். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. காலே அப்படிப் போய்விட்டது. வெள்ளைச் சட்டையும் மடித்த குடையுமாக, வெறுங்காலோடு பக்கத்து வராந்தாவில் நின்றேன். குவைத்தில் இருக்கும் சந்தனத்தின் மகன் கதிரேசனின் சேர்க்கைக்காக வந்திருக்கிறேன் என்றதும் அந்த அம்மாள் மேலும் கீழும் பார்த்துவிட்டு, ‘சோலை முதலாளி பறஞ்ஞு விட்டதல்லே?’ என்றார். உன் மாமனார் சோலை அனுப்பிய ஆளா என்று கேட்கிறார். பங்களாவில் கேள்வி வந்தால் முதலில் யெஸ் மேடம் என்றுதான் இந்த வாய் சொல்லும். சொல்லிவிட்டது. உடனே திருத்தியிருக்கலாம். அதற்குள் அவர் எழுந்து, அன்பாக, எல்லா இடமும் சுற்றிக் காட்டத் தொடங்கிவிட்டார். உன் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது, உன் முதலாளி உன்னை நம்பித்தான் இவ்வளவு பெரிய காரியத்துக்கு அனுப்பியிருக்கிறார் என்று பாராட்டினார். அதற்குப் பிறகு நான் பையனின் தாத்தா என்று எந்த வாயால் சொல்வது? கார்டியன் யார் என்று கேட்டபோது சோலை பெயரைச் சொன்னேன். அப்பாவைப் பெற்றவர், ஏலக்காய் மண்டி, சொந்த ஜீப், யாரும் மறுக்க மாட்டார்கள். மாதத்தில் முதல் ஞாயிறு மட்டும் கார்டியன் வந்து பிள்ளையை வெளியே கூட்டிப்போகலாம், வேறு யாருக்கும் கேட்டுக்கு உள்ளே அனுமதி இல்லை என்பது அவர்கள் சட்டம் என்று அதற்கு அப்புறம்தான் சொன்னார்.

நான் விவரம் சொன்னதும் மறுநாள் சோலை பூட்ஸ் மாட்டிக்கொண்டு போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். எட்டாவதைத் தாண்டாத மனிதர், எதில் கையெழுத்துப் போட்டோம் என்று அவருக்கே தெரியாது, அவருக்கு நாற்காலி போட்டுக் காப்பி கொடுத்திருக்கிறார்கள். நேராக நம் வீட்டுக்கு வந்து, கூடப் பிறந்த தங்கை என்றும் பார்க்காமல் உன் அம்மாவை வைத்துக்கொண்டே, ‘என்னா மாப்ள, சம்பளம் குடுக்காமலே எனக்கு ஒரு பி.ஏ. கணக்கப்புள்ள கெடச்சுருக்கானாமே, அந்தம்மா ஒரே புகழ்ச்சி!’ என்று தொடையைத் தட்டிச் சிரித்தார். நேற்று வந்தவர் என் தங்கை புருஷன், பையனுக்கு அவரும் தாத்தா என்று நீங்கள் அங்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். ‘நீங்களே சொல்லலையே மாப்ள, நான் சொன்னா உங்க மானம் போயிராதா?’ என்றார். உன்னைப் பெண் கேட்டு வந்த நாளிலிருந்து இந்த மனிதர் என் படிப்பைக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறார், நான் ஒன்றையும் மறக்கவில்லை. ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது நிஜம்.

அவர் போன பிறகு உன் அம்மா, ‘போயி நாந்தேன் தாத்தான்னு சொல்லிட்டு வாங்க, அதுல என்னா கேவலம்?’ என்றாள். இப்போது போய்ச் சொன்னால் இருவரும் சேர்ந்து ஏமாற்றியதாக ஆகும், இடத்தை ரத்து செய்தாலும் செய்வார்கள், செய்யாவிட்டாலும் வெறுங்காலோடு நின்றவன் பேரன் என்று பிள்ளையை வேறு மாதிரி பார்ப்பார்கள் என்றேன். அதற்கு அவள், ‘நீங்க கணக்கப்புள்ளன்னா நான் வேலைக்கார ஆயான்னு சொல்லிட்டுப் போறேன், புள்ள மொகத்தப் பாத்தாப் போதும்’ என்றாள். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடப் பேச்சை எடுப்பதில்லை.

ஜூனில் சேர்க்க வேண்டும், இடம் உறுதி. என் யோசனையைக் கேட்டாய். படிப்புக்கு அதைவிட நல்ல இடம் இந்த மலையில் இல்லை. அங்கே படித்தால் ஒரு நாள் எந்தப் பங்களா வாசலிலும் நேராக ஏறிப் போவான், நமக்கு அது வாய்க்கவில்லை. ஆனால் நீ நினைத்த ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. பிள்ளையை அனுப்பாமல் உன்னோடு வைத்துக்கொள்வதானாலும் எனக்கு வருத்தம் இல்லை, முடிவு உன்னுடையது. அனுப்புவதானால் நான் யார் என்று பள்ளிக்கு எழுதிவிடாதே. சோலையின் கையைக் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டு, முதல் ஞாயிறு அவர் ஜீப்பில் பின்னால் உட்கார்ந்து நானும் உள்ளே வர ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன். உன் அம்மாவை எந்தப் பெயரில் அழைத்துப்போவது என்பதுதான் தெரியவில்லை.

வெயிலில் அலையாதே, தலைவலித் தைலம் யாராவது வந்தால் கொடுத்து விடுகிறேன். நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நெடுநாள் வாழ வேண்டும், முருகன் உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. கதிரேசன் என்னைப் பார்த்ததும் தாத்தா என்று கத்திக்கொண்டு ஓடிவருவான். கேட்டுக்கு வெளியே ஜீப் வரும்வரை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று இப்போதிருந்தே அவனுக்குச் சொல்லிப் பழக்கு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அப்பா,
மா. ராக்கப்பன்