குடைச்சித்தரின் கையை வெட்டிய நுரைத்துறைச் சபையாருக்கு

கடலில் உப்பும் மலையில் மிளகும் குறையாது விளையும் திரைமலை நாட்டைக் கண்ணிமை போல் காத்தருளும் பேரரசி கொற்றமாதேவியாரின் திருவாய்மொழிப்படி, ஓலைநாயகம் ஆதன் அழகியார் எழுதுவது. நுரைத்துறை ஊர்ச்சபைத் தலைவர் பெருங்காடனாரும் உடனமர்ந்த பதினொரு பெருமக்களும் நலமே வாழ்க. உங்கள் துறையில் கலங்கள் சேதமின்றிக் கரை சேர்க. உங்கள் பிள்ளைகள் நோய்நொடியின்றி வளர்க. உங்கள் அறிவும் அவர்களோடு சேர்ந்து சற்றே வளர்க.

தாங்கள் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. அரசவையில் இருமுறை வாசிக்கப்பட்டது. முதல் முறை வாசித்தபோது யாரும் நம்பவில்லை. ஆகவே இரண்டாம் முறை வாசிக்க நேர்ந்தது. பின்னர் பேரரசியார் ஆள் அனுப்பி விசாரித்தார். அந்த ஆள் அறிந்து வந்தது வருமாறு.

நுரைத்துறையில் தோற்பாவைக் கூத்து நடத்தும் உமையாள் என்னும் அம்மையார், நாற்பது ஆண்டுகளாகக் குடைச்சித்தர் கதையைக் குழந்தைகளுக்குச் சொல்லி வருகிறார். ஓலைக்குடையைப் பிடித்துக்கொண்டு வானில் பறந்து, ஏழு பிள்ளைகளை விழுங்கிய பனிப்பேயைப் பானைக்குள் அடைக்கும் அந்தச் சித்தரை அறியாத பிள்ளை இந்நாட்டில் இல்லை. காய்ச்சல் கண்ட குழந்தை கசாயம் குடிக்க அவர் பெயரைச் சொன்னால் போதும். கலங்கரை விளக்கின் காவலன் நீலனும் அவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள் என்பதும் கதையிலேயே உண்டு. அதை நீங்கள் அத்தனை பேரும் கேட்டுத்தான் வளர்ந்தீர்கள்.

சென்ற திங்களில் கூத்து முடிந்து பாவைகளைத் துடைத்துக்கொண்டிருந்த உமையாளிடம் குயவர் வீட்டுச் சிறுமி ஒருத்தி, சித்தருக்கு ஏன் பெண்டாட்டியே இல்லை என்று கேட்டிருக்கிறாள். அவர் மனசு பூரா நீலன்தான் கண்ணு, அவுங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கு ஒருத்தர்னு ஆனவுங்க, அப்புறம் பெண்டாட்டி எதுக்கு என்று உமையாள் துணியைக்கூடக் கீழே வைக்காமல் விடை சொன்னாராம். சிறுமி, ஓகோ என்று கேட்டுக்கொண்டு, மழை பெய்தால் அந்தக் குடை ஒழுகுமா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். விவகாரம் அங்கேயே முடிந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் பெரியவர்கள் இருந்தார்கள்.

அடடா, அதன்பின் நுரைத்துறையில் நடந்த கூத்துக்குத் திரையும் தேவைப்படவில்லை! எண்ணெய் வாணிகர் தம் கடைச் சுவரிலிருந்த சித்தர் படத்துக்கு முறுக்கு மீசை வரைந்து, இது சித்தரே அல்ல, எங்கள் மாமனார் என்று ஊரெங்கும் சொல்லித் திரிந்தார். ஊர் வைத்தியர், கதை கேட்ட பிள்ளைகளுக்கு இது மணல்வாரி அம்மை போல் தொற்றும் என்று அஞ்சி வேப்பிலை கட்டச் சொன்னார். எனக்கு யார்மேலும் வெறுப்பில்லை, பிள்ளைகளை நினைத்தால்தான் வயிறு கலங்குகிறது என்று சொன்னவர் மட்டும் இருபத்தாறு பேர். ஏழு பிள்ளைகளைப் பேய் மென்று விழுங்கும்போது இவர்களில் ஒருவர் வயிறும் கலங்கியதாகத் தெரியவில்லை.

உமையாள் சொன்னதை மெச்சிய மறுபக்கத்துப் புலவர்களையும் விட்டுவைப்பதற்கில்லை. எங்களுக்கு அப்போதே தெரியும் என்றார்கள். இதை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே சொல்லத் துணிச்சல் இல்லையா என்று உமையாளையே கடிந்து பாட்டு எழுதினார்கள். சபை அவரை விசாரித்த நாளில் அந்தத் துணிச்சல்காரர்கள் அனைவருக்கும் வீட்டில் அவசர வேலை வந்துவிட்டது.

ஆகவே உமையாள் தனியாகத்தான் வந்து நின்றார். காலை முதல் உச்சிவேளை வரை நின்ற அறுபது வயதுப் பெண்ணுக்கு ஒரு குவளை நீர் தரத் தோன்றவில்லை உங்களுக்கு. நீலன் சித்தருக்குத் தம்பி முறை, நான் சொன்னது பொய் என்று அடுத்த முழுமதி நாளில் குழந்தைகள் முன்னிலையில் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையேல் கூத்தை விட்டு நாட்டையும் விட்டுப் போக வேண்டும் என்று தீர்த்தீர்கள். இந்த வயதில் எங்கே போவது என்று உமையாள் உண்மையாகவே பயந்தார். ஆயினும், பிள்ளைங்ககிட்டப் பொய் சொல்லிப் பழக்கமில்லீங்க என்று மட்டும் சொன்னார்.

அத்தோடு நிறுத்தினீர்களா? இந்நாட்டுப் பாவைக்கூத்தில், வாழ்வில் இணைந்தவர்களை ஒரே தோலில் சேர்த்து வெட்டுவது வழக்கம். கணவன் மனைவி ஒரே தோல், தாயும் கைக்குழந்தையும் ஒரே தோல். உமையாளின் ஆசான் காலந்தொட்டுச் சித்தரும் நீலனும் ஒரே மான்தோல்தான். சித்தரின் வலக்கை நீலன் தோளின்மேல் இருக்கிறது. நீங்கள் அத்தனை பேரும் சிறுவயதில் முன்வரிசையில் அமர்ந்து அதைப் பார்த்தவர்கள். அம்மையார் புதிதாக எதையும் சொல்லவில்லை. உங்களுக்குத்தான் இப்போது உறைத்திருக்கிறது.

உறைத்ததும் செய்த காரியம் என்ன? இருவரையும் பிரிக்கச் சொல்லி, தோல்வினைஞர் மறுத்ததால், தலைவர் பெருங்காடனார் தம் கையாலேயே கத்தி பிடித்தார். கத்தி பிடிக்கத் தெரியாத கை. வெட்டு சித்தரின் தோளோடு போனது. இப்போது நீலன் சித்தரின் கையைத் தோளில் சுமந்தபடி சபைப் பெட்டகத்தில் முத்திரையிட்டுக் கிடக்கிறான். ஒற்றைக்கைச் சித்தர் உமையாளிடம் திருப்பித் தரப்பட்டார். சபையில் கண்ணீர் விடாத அந்த அம்மையார், அதை மடியில் வாங்கியபோது ஓவென்று அழுதாராம். இதைத்தான் தாங்கள், ஊர் மானம் காக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நல்ல மானம்! ஒரு தோல் பொம்மையிடமிருந்து காப்பாற்ற வேண்டிய அளவுக்கு அது மெலிந்திருப்பது அறிந்து பேரரசியார் வருந்துகிறார்.

ஆகவே ஆணை யாதெனில்: உமையாள்மீது சபை விதித்த தீர்ப்பு இந்த ஓலை வாசிக்கப்படும் நொடியிலேயே இல்லாமற் போகிறது. அவர் எதையும் மறுத்துச் சொல்ல வேண்டியதில்லை, எங்கும் போக வேண்டியதில்லை. பெட்டக முத்திரையைத் தலைவர் தம் கையால் உடைத்து, நீலனை ஏந்திக்கொண்டு, கடைத்தெரு வழியே, பகலில், நடந்து சென்று அம்மையாரிடம் ஒப்படைக்க வேண்டும். அம்மையார் தைக்கும்வரை வாசலிலேயே காத்திருக்க வேண்டும். தண்ணீர் கேட்டால் அம்மையார் தருவார். அவர் சபையார் அல்லர்.

முழுமதி நாளன்று அந்தியில் கூத்து நடக்கும். கதை பழைய கதைதான், ஒரு சொல்லும் குறையாது. திரைக்கு முன்னால் பெருங்காடனார் எழுந்து, தைத்த பாவையைக் கையில் உயர்த்திப் பிடித்து, இதை வெட்டியவன் நான், பயந்து வெட்டினேன் என்று பிள்ளைகளிடம் சொல்ல வேண்டும். எலி கடித்தது என்றோ, தோல் பழசு என்றோ சொல்லக் கூடாது. பிள்ளைகள் ஏன் பயந்தீர்கள் என்று கேட்பார்கள். அவர்களுக்கு விளங்கும்வரை விடை சொல்ல வேண்டும். அம்மையார் துணைக்கு வரமாட்டார்.

மறுமொழி ஓலை வேண்டாம். மீன்முத்திரை இடப்பட்டது. பெருங்காடனார் சொல்லி முடிக்கும்வரை கூத்து விளக்கை ஏற்றக் கூடாது என்பது பேரரசியார் ஆணை.